நர்சரி டீச்சர் படிப்பு: பணம் கட்டுவதற்கு முன்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் தாம்பரம் முதல் அண்ணா நகர் வரை 'நர்சரி டீச்சர் ட்ரெயினிங்' போர்டுகள் கண்ணில் படும். மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு என்று பல வகை. சேருவதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: எந்த வயதுப் பிள்ளைகளுக்கு, எந்த மாதிரிப் பள்ளியில் வேலை பார்க்கப் போகிறீர்கள்? படிப்பை அதற்குப் பிறகு தேடலாம்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமமான என்.சி.டி.இ. 2014-ல் வகுத்த விதிப்படி, மழலையர் வகுப்பு ஆசிரியருக்குப் பிளஸ் டூவில் 50 சதவீத மதிப்பெண் வேண்டும். அதோடு இரண்டாண்டுக்குக் குறையாத முன்பருவக் கல்வி டிப்ளமோ, அல்லது நர்சரி பி.எட். வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மதிப்பெண்ணில் தளர்வு உண்டு.

பி.எட். இருந்தால் எந்த வகுப்புக்கும் போகலாம் என்ற நம்பிக்கையில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கை 3 முதல் 8 வயது வரையிலான பருவத்தை ஒரே அடித்தள நிலையாகப் பார்க்கிறது. ஆனால் வேலைக்கான தகுதி இன்னும் இரண்டாகத்தான் இருக்கிறது. ஒன்றாம், இரண்டாம் வகுப்பு எடுக்க டி.எல்.எட். என்ற தொடக்கக் கல்வி டிப்ளமோவை முடித்து, டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் தேற வேண்டும். சாதாரண பி.எட். தொடக்க வகுப்புக்குத் தகுதியாகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் ஓராண்டு முன்பருவக் கல்வி டிப்ளமோவைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். 32 கிரெடிட் கொண்ட படிப்பு. குழந்தைகளின் உடல்நலம், சத்துணவு, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் என்று பாடங்கள் கனமானவை. கற்றுக்கொள்ள நல்ல படிப்பு, ஆனால் இரண்டாண்டு விதியை அது நிறைவு செய்யாது. மாண்டிசோரி முறைப் பயிற்சிக்கும் அதே நிலைதான். 1939-ல் அந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரியே அடையாறுக்கு வந்து பயிற்சி கொடுத்த ஊர் இது. சர்வதேச மாண்டிசோரி சங்கமான ஏ.எம்.ஐ.யின் டிப்ளமோவுக்கு மாண்டிசோரி பள்ளிகளில் நல்ல மதிப்பு உண்டு. அரசு விதி கேட்கும் சான்றிதழுக்கு அது மாற்றாகாது.

கல்லூரியில் என்.சி.டி.இ. அங்கீகார ஆணையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நிறுவனத்தின் பெயர், முகவரி, படிப்பின் பெயர், இடங்களின் எண்ணிக்கை நான்கும் ஒத்துப்போக வேண்டும். ஆணை டி.எல்.எட்.டுக்கு இருக்கும், உங்களைச் சேர்ப்பது வேறொரு டிப்ளமோவில் என்றால் அந்த ஆணையால் உங்களுக்குப் பயனில்லை. அங்கீகாரம் இல்லாத இடத்தில் பெற்ற தகுதி அரசு வேலைக்கும் அரசு உதவி பெறும் பள்ளி வேலைக்கும் செல்லாது என்று 1993 என்.சி.டி.இ. சட்டத்தின் 17-ஆம் பிரிவே சொல்கிறது. 'அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்' என்று சொன்னால் வரும்வரை பணம் கட்டாதீர்கள்.

விதிப்படி ஆண்டுக்கு 200 வேலை நாட்கள். வகுப்பில் 80 சதவீதம், பள்ளிப் பயிற்சியில் 90 சதவீதம் வருகை கட்டாயம். 'ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தால் போதும்' என்கிற இடத்தில் இந்தக் கணக்கு எப்படியும் வராது.

உண்மையான படிப்பு அந்தப் பள்ளிப் பயிற்சியில்தான் இருக்கிறது. அதில் பலரும் சறுக்குவது பிள்ளைகளைக் கவனித்து எழுதும் பதிவேட்டில். 'குழந்தைக்கு ஆர்வமில்லை' என்று எழுதினால் அது உங்கள் தீர்ப்பு, பதிவு ஆகாது. '10.15: மணி கோர்க்கும் தட்டை எடுத்தாள். மூன்று மணி கோர்த்தாள். நான்காவதன் துளை சிறிது. நூல் நுனி பிரிந்து உள்ளே போகவில்லை. இரண்டு முறை முயன்றாள். 10.19: தட்டைத் தள்ளிவிட்டு ஜன்னலுக்குப் போனாள்.' இப்படி எழுதினால் குறை நூலிலா பிள்ளையிடமா என்று தெரியும். மறுநாள் நுனியில் மெழுகு தடவிக் கொடுக்கலாம். வாரக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து எழுதினால் இந்த விவரம் எதுவும் நினைவில் நிற்காது. அன்றன்றே எழுதுங்கள்.

வெளிநாட்டு வேலை எண்ணம் இருந்தால், எந்த வயதுப் பிள்ளைகளோடு எத்தனை நாள் பயிற்சி எடுத்தீர்கள் என்று கல்லூரி லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் என்று இருந்தால், டிப்ளமோவில் எந்தப் பெயர் வர வேண்டும் என்பதைத் தேர்வு விண்ணப்பம் போடும்போதே சரிபாருங்கள். சான்றிதழ் அச்சான பிறகு திருத்துவது பெரிய அலைச்சல்.