மூணாம் நம்பர் கூண்டு ஏறிய நாளில் ராமேஸ்வரம்

கார்த்திகை அடைமழையில் ராமேஸ்வரம் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். நேர்ந்துகொண்டதைத் தள்ளிப்போட மனசில்லை, கிளம்பிவிட்டேன். பாம்பன் பாலத்தில் பேருந்து ஏறியபோது கடல் எது, வானம் எது என்று பிரிக்க முடியவில்லை.

தங்கியது நண்பன் வீட்டில். மீன்பிடிக் குடும்பம். உள்ளே நுழைந்ததும் அவன் அப்பா சொன்ன முதல் சேதி, "பாம்பன்ல மூணாம் நம்பர் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்திட்டாங்க தம்பி. ஒரு போட்டும் போகலை." கருப்பட்டிக் காப்பியை நீட்டியபடி அம்மா சிரித்தார். "அதான் வீட்ல மீனும் இல்லை. கோயிலுக்கு வந்த பிள்ளைக்கு அதுவும் நல்லதாப் போச்சு."

விடியுமுன் ஸ்படிக லிங்க தரிசனம் முடிந்தது. அடுத்து அக்னி தீர்த்தம். கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே குளம்போல் அடங்கிக் கிடக்கும் கடல் அது. நான் முன்பு வந்தபோதெல்லாம் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். அன்று படிக்கட்டில் அலை மோதித் தெறித்தது. "இதைப் பெண் கடல்னுதானே சொல்றாங்க?" என்றேன். "வாடைக் காத்து வந்துட்டா இதுதான் ஆடும். தெக்க இருக்கிற ஆண் கடல் அடங்கிக் கிடக்கும். தென்மேற்குல இருந்து கச்சான் காத்து வீசுற மாசத்துல அப்படியே தலைகீழ்" என்றார் அப்பா. என்னை இறங்க விடவில்லை. ஒரு சொம்பு மொண்டு என் தலையில் ஊற்றினார். "போதும். கடல் இன்னைக்கு எப்படி இருக்குன்னு சாமிக்குத் தெரியும்."

பிறகு 22 தீர்த்தங்கள். ஏற்கெனவே தொப்பலாக நனைந்தவனுக்கு இனி என்ன என்றுதான் மகாலட்சுமி தீர்த்தத்தில் போய் நின்றேன். கிணற்று மேட்டில் நின்று வாளி இறைப்பவர் தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டியிருந்தார்! ஊரையே நனைப்பவருக்கு மழை ஆகவில்லை. கயிறு சரசரவென்று இறங்கி, ஏறி, தண்ணீர் தலையில் விழுந்தபோது திடுக்கிட்டேன்: வெதுவெதுப்பாக இருந்தது. மழை ஊசியாய்க் குத்த, கிணற்று நீர் போர்வைபோல் இறங்கியது. அதற்குப் பிறகு அடுத்த கிணறு எங்கே என்று நானே ஓடினேன். கவய தீர்த்தம், நள தீர்த்தம், நீல தீர்த்தம் என்று வரிசையாக வானரங்களின் பெயர்கள். பாலம் கட்டிய நளனுக்குக் கடலோரத்தில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு, நியாயமான கூலிதான்.

கோடி தீர்த்தத்தில் முடித்து, ஈரத்துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள் என்பதால் உடை மாற்றிக்கொண்டு போனோம். அனுமன் கொண்டுவந்த விஸ்வநாதருக்குத்தான் முதல் பூஜை. அவரை வணங்கிவிட்டே சீதை மணலில் பிடித்த ராமநாதரிடம் வந்தோம். வெளியே அப்படிக் கொட்டும் மழையில், மணலால் ஆன சாமி என்று நினைத்ததும் தொண்டை அடைத்தது. வேண்ட வந்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை.

மத்தியானம் மழை சற்று விட்டதும் தனுஷ்கோடிப் பக்கம் போனோம். கோதண்டராமர் கோயில் திறந்திருந்தது. விபீஷணன் சரணடைந்த இடம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே வாரிக்கொண்டு போனபோதும் இந்தக் கோயில் நின்றது. தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்கு மட்டும் வழியில்லை. கூண்டு இறங்கும்வரை யாரையும் விடமாட்டார்களாம். எனக்கு முகம் தொங்கிவிட்டது.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் புயல் ராத்திரியில் அவருக்கு ஏழு வயது என்றும், மணல்மேட்டில் உட்கார்ந்து விடிந்ததைப் பார்த்தார் என்றும் வரும்போது நண்பன் சொல்லியிருந்தான். தடுப்பருகே செருப்பைக் கழற்றிவிட்டு, தனுஷ்கோடி இருந்த திசையைப் பார்த்துக் கைகூப்பினார். நானும் கழற்றினேன். கணுக்கால்வரை மழைத்தண்ணீர் ஓடியது. மறுபடி தூறல் விழ ஆரம்பித்ததும், "வாங்க தம்பி, அம்மா சோறாக்கிட்டுக் காத்திருப்பா" என்று வண்டியைத் திருப்பினார்.