ரெண்டு லிட்டர் பெட்ரோல்

போன மாதம் ஒரு நாள் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. முந்தின நாள் சாயங்காலம்தான் இருநூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டிருந்தேன். குனிந்து பார்த்தால், டேங்குக்குக் கீழே டியூபைக் கழற்றியவன் திரும்ப மாட்டத் தெரியாமல் அப்படியே தொங்க விட்டிருக்கிறான். சிமெண்டுத் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம், ஓரத்தில் ஊதாவும் பச்சையுமாக மினுங்குகிறது.

எதிர்வீட்டு அண்ணன் கேமராவைப் போட்டுக் காட்டினார். ராத்திரி இரண்டேகால். இரண்டு பையன்கள், கையில் கூல்டிரிங்ஸ் பாட்டில். ஒருவன் முகத்தில் கர்ச்சீப் கட்டியிருக்கிறான், ஆனால் நடையை என்ன செய்வது? நாலு வீடு தள்ளியிருக்கிற பதினோராம் வகுப்புப் பையன். என் மகள் கல்யாணத்துக்கு வாசலில் வாழைமரம் கட்டினவன்.

அன்றைக்குச் சாயங்காலம் பனியன் தைக்கிற என் பவர் டேபிள் செட்டில் வீதிக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

"போலீசெல்லாம் எதுக்குங்க? நம்ம பையன். படிக்கிற வயசுல கேசுகீசுன்னு ஆயிருச்சுன்னா என்னங்க பண்றது?"

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான். ஆட்டும்போதே வயிற்றுக்குள் என்னவோ செய்தது.

மூன்று வருஷம் முன்னால் இதே வீதியில் இதே பெட்ரோல் போனது. எடுத்தவன் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிற லைன் வீட்டில் குடியிருந்த ஒடிசாக்காரர் மகன், பதினைந்து வயதிருக்கும். அன்றைக்கு யாரும் கூட்டம் போடவில்லை. 100-க்குப் போன் அடித்தது நான். வந்து கூட்டிப் போனார்கள், சாயங்காலம் விட்டார்கள். அடுத்த வாரம் லைன் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். சாமானை ஏற்றும்போது அவன் அப்பா என்னிடம் வந்து, "அண்ணா, முதல்ல எனக்குச் சொல்லியிருக்கலாம்" என்றார். பனியன் கம்பெனியில் கற்ற தமிழ். அதட்டலாகச் சொல்லியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று வக்கீலாக இருக்கும் மச்சினனைக் கேட்டேன். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம்தானாம். லாக்கப்பில் வைக்கக் கூடாது. இந்த மாதிரிச் சில்லறைத் திருட்டுக்கு எஃப்.ஐ.ஆரே போடக் கூடாது, ஸ்டேஷன் டைரியில் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். குழந்தைகளுக்கென்று இருக்கிற அதிகாரி யூனிஃபார்ம் இல்லாமல் வந்து பேச வேண்டும். ஆக, நம்ம பையன் வாழ்க்கை போய்விடும் என்று வீதியே பயந்தது காகிதத்தில் இல்லை. காகிதத்தில் இருக்கிறபடி லைன் வீட்டுப் பையனுக்கு நடந்ததா என்றால், அதுவும் இல்லை.

மச்சினன் இன்னொன்றும் சொன்னான். அதே பதினோராம் வகுப்புக்காரன் தினமும் அப்பா வண்டியை ஓட்டிக்கொண்டு டியூஷன் போகிறானே, அது தெரிந்தால் அப்பாவுக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை ஜெயில், பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பெட்ரோலைவிட அதுதான் பெரிய கேஸ். அதை வீதியில் ஒருத்தரும் குற்றமாகவே நினைக்கவில்லை.

கத்தி எடுத்தான், பெண்பிள்ளைகளிடம் வம்பு செய்தான் என்றால் யார் மகனாக இருந்தாலும் ஸ்டேஷன்தான், அதில் எனக்குப் பேச்சே இல்லை. பெட்ரோல், தேங்காய், கண்ணாடி உடைத்தது என்றால் முதலில் அவன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். லைன் வீட்டு வாசலானாலும்.

நேற்று அவன் அப்பா வந்து ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். இருநூறு எடுத்துக்கொண்டேன். பையன் பின்னால் நின்று என் வண்டி டியூபையே பார்த்துக்கொண்டிருந்தான். எதிர்வீட்டு அண்ணன் கேமராப் பதிவை அப்போதே அழித்துவிட்டார், வீதி வாட்ஸப் குரூப்பில் போடவேயில்லை.

பழைய வீடியோ இன்னும் அந்தக் குரூப்பில்தான் கிடக்கிறது. முகம் தெளிவாகத் தெரிகிறது. அனுப்பினது நான். ராத்திரி தேடிப் பிடித்து அழிக்கப் பார்த்தேன், என் போனில் மட்டும்தான் அழிகிறது.