நான்காம் நாள் ரத்தக்கட்டு

கேமரா எட்டரைக்கு ஓட வேண்டுமென்றால் நடிகை ஏழு மணிக்கு நாற்காலியில் உட்கார வேண்டும். அவர் ஏழுக்கு உட்கார வேண்டுமென்றால் நான் ஆறரைக்குள் மேஜையைத் துடைத்து, பிரஷ்களைப் பரப்பி, கையைக் கழுவிக்கொண்டு நிற்க வேண்டும். டிசம்பரில் லண்டனில் சூரியன் எட்டு மணிக்குத்தான் எட்டிப் பார்க்கும். என் முதல் படப்பிடிப்புக்கு இரவுப் பேருந்தில்தான் போனேன். முழங்கால்களுக்கு நடுவே சக்கரம் வைத்த பெட்டி, பெட்டிக்குள் மூன்று வகைப் போலி ரத்தம்: ஒன்று ஓடும், ஒன்று உறைந்தே இருக்கும், மூன்றாவதை வாயில் வைத்தாலும் ஒன்றும் ஆகாது. போலீஸ் நிறுத்தித் திறக்கச் சொன்னால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

படம் என்றால் பெரிய படம் இல்லை. கடைசி வருட மாணவர்கள் எடுக்கும் குறும்படம். ஆறு நாள் படப்பிடிப்பு, கிழக்கு லண்டனில் ஒரு பழைய வீடு. நான் மேக்கப் படிக்க வந்த முதல் வருட மாணவி, மேக்கப்புக்கு உதவியாளர். சம்பளம் கிடையாது, படிப்பில் ஒரு பகுதியாகக் கணக்கு. அதுவும் ஒரு விதத்தில் நிம்மதி. இங்கே பட்டப் படிப்புக்கான மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கலாம், ஆனால் சுயதொழில் கூடவே கூடாது. இந்தத் தொழிலிலோ பாதிப் பேருக்கு மேல் தனித்தனியாக பில் போட்டு வேலை செய்கிறவர்கள்தான். 'ஒரு நாள் மட்டும் வந்துவிட்டுப் போ, கையில் காசு தருகிறேன்' என்று பிறகு இரண்டு பேர் கூப்பிட்டார்கள். இரண்டு முறையும் உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னேன். விசா என்று சொல்ல ஏனோ கூச்சமாக இருந்தது.

அம்மாவுக்கு நான் என்ன படிக்கிறேன் என்பது இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. "சினிமா மேக்கப்பெல்லாம் ஆம்பளைங்க பண்றதுதானேடி?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நம் சினிமாவில் பல்லாண்டுகளாகச் சங்கங்கள் பெண்களுக்கு மேக்கப் கலைஞர் என்ற உறுப்பினர் கார்டு கொடுத்ததில்லை. முடி அலங்காரம் செய்யலாம், முகத்தைத் தொடக்கூடாது என்பது எழுதப்பட்ட விதியாகவே இருந்தது. சாரு குரானா என்ற மேக்கப் கலைஞர் வழக்குப் போட்டு, 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த விதியைத் தூக்கி எறிந்தது. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "சுப்ரீம் கோர்ட் சொன்னா சரி" என்று பேப்பரை விரித்துக்கொண்டார். அது சம்மதமா கோபமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இங்கே முடியும் முகமும் ஒரே துறை. ஒரே ஆள் விக்கும் ஒட்ட வேண்டும், தாடியும் ஒட்ட வேண்டும், வெட்டுக்காயமும் போட வேண்டும். நான் ஊரில் கற்றுக்கொண்டு வந்தது மணப்பெண் அலங்காரம். அது ஒரே நாளுக்கானது, அன்று இரவே கழுவிவிடலாம். சினிமா மேக்கப் அப்படியில்லை. அது கணக்கு எழுதுகிற வேலை. ஒவ்வொரு காட்சிக்கும் நேராக, இடப்பக்கம், வலப்பக்கம் என்று மூன்று படம், கூடவே காட்சி எண்ணும் 'கதையில் எத்தனையாவது நாள்' என்ற குறிப்பும். காலையில் கதையின் எட்டாம் நாளை எடுப்பார்கள், மத்தியானம் முதல் நாளை எடுப்பார்கள். நெற்றியில் விழுந்த ஒரு முடிக்கற்றை எந்தப் பக்கம் இருந்தது என்பதற்குப் படம் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொரு வழக்கமும் எனக்குப் புதிது. முகத்தைத் தொடுவதற்கு முன் கேட்க வேண்டும். "உங்கள் கன்னத்தைத் தொடப் போகிறேன், சரியா?" முதல் நாள் இதைச் சொல்லும்போது எனக்குத்தான் குரல் நடுங்கியது. அந்த ஊரில் நான் மனிதர்களைத் தொட்டே மூன்று மாதம் ஆகியிருந்தது. அறையில் கூட இருக்கிறவள்கூடத் தூரத்திலிருந்து கையசைப்பதோடு சரி. அப்படி இருக்க, முன்பின் தெரியாத ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை என்னிடம் ஒப்படைக்கிறார். அவர் விடும் மூச்சு என் மணிக்கட்டில் படுகிறது.

அப்புறம் இந்தப் பெயர் விவகாரம். விசா, கல்லூரி எல்லா இடத்திலும் என் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் இருப்பது அப்பாவின் பெயர். கால் ஷீட், அதாவது அன்றன்றைக்கு யார் எப்போது வர வேண்டும் என்ற பட்டியல், தயாரித்த பையன் அதை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டான். வாக்கி டாக்கியில் யாரோ அப்பாவைக் கூப்பிட, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான்காவது முறை கூப்பிட்டபோதுதான் அது நான் என்று புரிந்தது. திருத்தலாமே என்றால், எல்லோரும் ஓட்டமும் நடையுமாக இருக்கும்போது போய் எங்கள் ஊர்ப் பெயரிடும் முறையை விளக்க வேண்டும். விட்டுவிட்டேன். ஆறு நாளும் அப்பாவாகவே இருந்தேன்.

டேக்குக்கு முன்னால் மேக்கப்காரர்களைக் கடைசியாக ஒருமுறை உள்ளே விடுவார்கள், நம் ஊர் 'டச்சப்' மாதிரி. இங்கே அதை 'ஃபைனல் செக்' என்கிறார்கள். உண்மையில் பன்மையில்தான் சொல்வார்கள், அதைத் தமிழில் எழுதினால் வேறு மாதிரி வாசிக்கும் என்பதால் ஒருமையிலேயே விடுகிறேன். அந்தப் பத்து நொடியில் ஓடிப்போய், பளபளப்பை ஒற்றி, கேமரா கண்ணில் படாமல் வெளியே வந்துவிட வேண்டும்.

படப்பிடிப்பின் இரண்டாம் நாள்தான் அந்தக் காரியம் நடந்தது. கதைப்படி நாயகியை முதல் நாள் ஒருவன் முகத்தில் அடிக்கிறான். கன்னத்து ரத்தக்கட்டு எட்டு நாள் வரை வர வேண்டும். எங்கள் மேக்கப் பொறுப்பாளர் மூன்றாம் வருடச் சீனியர், கெட்டிக்காரி. பாடப்புத்தகத்தில் உள்ளபடி அட்டவணை போட்டிருந்தார்: முதல் நாள் சிவப்பு, இரண்டாம் நாள் நீலமும் ஊதாவும், நான்காம் நாள் பச்சை கலந்த மஞ்சள், எட்டாம் நாள் வெறும் மஞ்சள். எல்லாம் சரிதான், வெள்ளைத் தோலுக்கு. எங்கள் நடிகை கறுப்பினப் பெண், என்னைவிட இரண்டு மூன்று பூச்சு அடர்ந்த நிறம்.

அன்று எடுத்தது கதையின் நான்காம் நாள் காட்சிகள். பூசியது நான். ஆல்கஹால் ஊற்றிக் கரைக்கிற வண்ணம், வேர்த்தாலும் கலையாது. துளைத்துளையாக இருக்கும் ஸ்பாஞ்சில் தொட்டு மெதுவாக ஒற்ற ஒற்ற எனக்கே தெரிந்தது, இது அடிபட்ட இடம் மாதிரி இல்லை, முகத்துக்கு மஞ்சள் பூசிச் சரியாகக் கழுவாதது மாதிரி இருக்கிறது. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து எனக்கு வராத ரத்தக்கட்டா? மாநிறத் தோலில் அது கறுத்துப் போகும், கத்தரிக்காய்த் தோல் மாதிரி. ஓரம் மட்டும் பழுப்பாகும். பச்சை, மஞ்சளெல்லாம் உற்றுப் பார்த்தால்தான் உண்டு. இதை வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை. மூன்றாம் வருடத்துக்கு முதல் வருடம் பாடம் எடுப்பதா என்று ஒரு பயம். ஆங்கிலத்தில் வாக்கியத்தை மனதுக்குள் அமைத்து முடிப்பதற்குள் அவர் "சூப்பர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

காலையில் இரண்டு காட்சி முடிந்தது. மானிட்டரில் கன்னம் சுத்தமாக இருந்தது. இயக்குநர் லைட்டைக் குறை சொன்னார், லைட்காரர் கேமராவைச் சொன்னார். மத்தியான இடைவேளையில் நடிகை கண்ணாடியில் பார்த்துக்கொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு அடிபட்டால் இப்படி இருக்காது."

"எனக்கும்தான்" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். காலையிலிருந்தே அவரும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இரண்டு பேருமாகச் சீனியரிடம் போனோம். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அட்டவணையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "காலையிலேயே ஏன் சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது மாதிரிதான் இருந்தது. எனக்குப் பதில் வரவில்லை.

பழையதைத் துடைத்துவிட்டு என் கையில் பிரஷைக் கொடுத்தார். அடர் மெரூன், அதன் நடுவே கறுப்புக்குப் பக்கத்தில் போகிற ஊதா, கன்ன எலும்பின் மேட்டில் கொஞ்சம் குறைத்து, ஓரத்தில் பழுப்பு. கன்னம் லேசாக வீங்கியது மாதிரி தெரிய மேலே ஒரு துளி பளபளப்பு. மானிட்டரில் பார்த்ததும் இயக்குநர் முகத்தைச் சுளித்தார். எங்கள் தொழிலில் அதற்குப் பாராட்டு என்று பெயர். ஆனால் காலையில் எடுத்த இரண்டு காட்சியும் வீண். கடைசி நாள் ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்து திரும்ப எடுத்தோம். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

மறுநாளிலிருந்து சீனியர் ஒவ்வொரு மேக்கப்புக்கும் முன்னால் என்னிடம் "என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டார். கேட்டால் சொல்ல எனக்கு வரும். கேட்காமல் சொல்வதற்குத்தான் இன்னும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கிறது.

மார்ச்சில் கல்லூரி அரங்கில் படத்தைப் போட்டார்கள். பதினான்கு நிமிடம். அந்தக் கன்னம் பக்கத்தில் வரும்போதெல்லாம் நான் கதையைப் பார்க்கவில்லை, ஓரத்துப் பழுப்பைத்தான் பார்த்தேன். கடைசியில் பெயர்ப் பட்டியல் ஓடியது. 'மேக்கப் உதவி' என்பதற்குக் கீழே கால் ஷீட்டில் இருந்தது அப்படியே. செல்போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன்.

அம்மாதான் கூப்பிட்டார். "உன் பேரைக் காணோம், அப்பா பேருதான் இருக்கு" என்றார். விளக்கினேன். அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்தார். ஸ்பெல்லிங்ல ஒரு எழுத்து விட்டுப்போச்சாம். அடுத்த படத்துல பார்த்துப் போடச் சொன்னார்."