இட்லி மாவுக்குள்ளே ஒரு பேர் மாற்றம்

பெங்களூர் டிசம்பர் குளிர்ல மாவு எங்கே பொங்குது? பக்கத்து வீட்டு அக்கா சொன்னபடி ஓவனுக்குள்ள லைட்டை மட்டும் போட்டு வச்சேன். காலைல பாத்திரம் வழிஞ்சு கிடக்கு.

அதுல பங்குள்ள ஒருத்தர் லாக்டோபேசில்லஸ் ஃபெர்மென்டம். கோல் வடிவ பாக்டீரியா. சர்க்கரையைத் தின்னு லாக்டிக் அமிலமும் கார்பன் டை ஆக்சைடும் விடும். புளிப்பும் வரும், உப்பலும் வரும். 1901-ல பெய்ஜரிங்க்ங்கிற டச்சு நுண்ணுயிரியலாளர் விவரிச்ச இனம். 2020-ல மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டுப் பார்த்து, 260-க்கு மேல இனங்கள் அடைஞ்சு கிடந்த லாக்டோபேசில்லஸ்ங்கிற பேரினத்தை (இனங்களைச் சேர்த்து வைக்கிற குழு) 25 பேரினங்களா பிரிச்சுட்டாங்க. பிரிச்சது நியாயம்தான், உள்ளே இருந்ததுங்களுக்குள்ள அவ்வளவு தூரத்துச் சொந்தம்! ஆனா இவர் இப்போ லிமோசிலாக்டோபேசில்லஸ் ஃபெர்மென்டமாம். வாய்ல நுழையுதா பாருங்க.