ஐந்தேகால் லட்சம் சொன்ன ஸ்விஃப்ட்

எனக்குப் பேரம் பேச வராது. காய்கறிக் கடையிலேயே சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிற ஆள். அப்படிப்பட்ட நான் ஐந்தேகால் லட்சம் சொன்ன 2018 மாடல் பழைய ஸ்விஃப்ட் காரை நாலு லட்சத்து அறுபதாயிரத்துக்கு முடித்தேன் என்றால், அதற்கு முக்கியக் காரணம் இன்சூரன்ஸ் பேப்பரில் இருந்த ஒரு பூஜ்யம்.

அதற்கு முன்னால் கொஞ்சம் வீட்டுப்பாடம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகிவிட்டது, முன்பு 28, அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரி வேறு. புது வண்டி விலை இறங்கினால் பழசும் இறங்கத்தானே வேண்டும், ஆனால் தீபாவளிக்கு அப்புறமும் நான் பார்த்த பல பேர் பழைய கணக்கிலேயே விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால் ஷோரூமுக்குப் போய் அதே வேரியன்ட்டுக்கு வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்த ஆன்ரோடு கொட்டேஷன் எழுதி வாங்கி வைத்துக்கொண்டேன். இணையத்தில் பார்க்கிற விலையெல்லாம் விற்கிறவர் கேட்கிற விலை, முடிகிற விலை என்னவென்று தெரிந்த மெக்கானிக்கைத்தான் கேட்க வேண்டும். எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் "நல்லா இருந்தா அஞ்சுக்குள்ள, இல்லன்னா நாலரைக்குப் பக்கம்" என்றார்.

சூடான இன்ஜினில் ஸ்டார்ட்டிங் கோளாறு தெரியாது என்பதால், பார்க்க வருவதற்குள் வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீர்கள் என்று ஓனரிடம் முதலிலேயே சொல்லியிருந்தோம். அண்ணன் போனதும் பானட்டைத் தொட்டுப் பார்த்தார், சூடு இல்லை, சரி. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2318 என்றால் 2018-ஆம் வருடம் 23-ஆவது வாரம் தயாரானது. நாலு டயரும் அந்த வருடத்துச் சரக்குதான், மாற்றியே ஆக வேண்டும். சென்னை வண்டி என்பதால் வெள்ளத்தில் நின்றதா என்ற பயம் வேறு, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எத்தனை கார்கள் மூழ்கின என்று பார்த்தவர்கள்தானே நாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்த்தார், டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கித் துரு பார்த்தார். சுத்தம்.

ஓனர் "சிங்கிள் ஓனர் சார், ஒரு கீறல்கூட விழுந்ததில்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பாலிசியை வாங்கிப் பார்த்தேன். நோ கிளெய்ம் போனஸ், அதாவது இன்சூரன்ஸில் பணம் கேட்காதவர்களுக்குப் பிரீமியத்தில் தருகிற தள்ளுபடி, 0 சதவீதம். கிளெய்மே எடுக்காமல் ஐந்து வருடம் ஓட்டினால் அது 50 சதவீதம் வரை ஏறும். ஏழு வருட வண்டிக்குப் பூஜ்யம் என்றால் சமீபத்தில் கிளெய்ம் எடுத்திருக்க வேண்டும், அல்லது பாலிசி காலாவதியாகி 90 நாளைத் தாண்டியிருக்க வேண்டும். எது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஒரு ஆட்டோ இடித்ததில் வலது ஃபெண்டரும் (முன்சக்கரத்துக்கு மேலிருக்கும் தகடு) ஹெட்லைட்டும் மாற்றியது ஞாபகம் வந்தது அவருக்கு! அண்ணன் அந்தப் பக்கம் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார், கம்பெனி வெல்டிங் கலையாமல் இருந்தது, அதாவது அடி உள்கூடு வரை போகவில்லை. அது கலைந்திருந்தால் எந்த விலைக்கும் வாங்கியிருக்க மாட்டேன். வெறும் ஃபெண்டர் என்றால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது, விலைக்கு ஆகும்.

அங்கேயே ஒரு தாளில் எழுதினேன்: டயர் இருபதாயிரம், பேட்டரி ஐந்தரை, முன்பக்க சஸ்பென்ஷன் வேலை எட்டு, அடுத்த மாதம் முடியப்போகிற இன்சூரன்ஸ். கூடவே ஷோரூம் கொட்டேஷனையும் வைத்து, நாலு நாற்பது என்று ஒரே விலை சொன்னேன். அவர் ஐந்துக்கு வந்தார், அப்புறம் நாலு எண்பது. நான் தாளைத்தான் காட்டினேன், வேறு எதுவும் பேசவில்லை. கடைசியில் நாலு அறுபது.

ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில், இன்னும் பேங்க் பெயர் இருந்தது. லோன் அடைத்தாச்சு என்றார், அடைத்ததும் பெயரை எடுப்பதும் வேறு வேறு வேலை. பேங்க் தருகிற என்ஓசியும் (ஆட்சேபனை இல்லை என்ற கடிதம்) கடன் பதிவை நீக்குவதற்கான ஃபார்ம் 35-ம் கொடுத்து அதை நீக்கிய பிறகுதான் முழுப் பணம் என்று சொல்லி, சின்ன அட்வான்ஸ் மட்டும் கொடுத்தேன். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்து, நிலுவையில் அபராதம் இருக்கிறதா என்று ஆன்லைனில் ஒரு பார்வை, வண்டியைக் கையில் வாங்கிய தேதியும் நேரமும் எழுதிய டெலிவரி நோட், எல்லாம் ஆனது. இன்சூரன்ஸை நம் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அதை முதல் வாரமே செய்தேன்.