ஒலிவக் கழி

பிப்ரவரி 4

ஹோமரின் ஒடிசி, ஒன்பதாம் காண்டம், மறுபடியும். ஒடிசியஸோடு ஆள்தின்னி அரக்கன் பாலிஃபீமஸின் குகைக்குள் போனவர்கள் 12 பேர். அவன் தின்றது முதல் ராத்திரி 2 பேர், விடிந்ததும் 2, மறுநாள் ராத்திரி 2. மிச்சம் 6. தப்பிக்க, ஆளுக்கு மூன்று ஆடு சேர்த்துக் கட்டி, நடு ஆட்டின் வயிற்றுக்கடியில் ஆள்: 18 ஆடு. ஒடிசியஸுக்குப் பெரிய கிடா. கணக்கு எங்கேயும் பிசகவில்லை. இவ்வளவு துல்லியமாக எண்ணுகிற கவி ஆயுதத்தில் மட்டும் ஏன் தடுமாறுகிறார்?

பிப்ரவரி 5

இன்றும் அழைப்பு வரவில்லை.

பிப்ரவரி 7

அரக்கனின் கண்ணைக் குத்திய அந்தக் கழி. அரக்கன் கைத்தடிக்காக வெட்டிக் காயப்போட்ட பச்சை ஒலிவ மரம். 20 துடுப்புக் கப்பலின் பாய்மரம் அளவு. ஒடிசியஸ் அதில் ஒரு பாகம், அதாவது இரண்டு கையும் விரித்த நீளம், வெட்டுகிறான். தோழர்கள் வழவழப்பாகச் செதுக்குகிறார்கள். நுனியை அவனே சீவி, தீயில் காட்டி இறுக வைத்து, சாணக் குவியலுக்குள் ஒளிக்கிறான். ராத்திரி தணலில் செருகியதும், பச்சை மரமாக இருந்தும், பற்றப்போகும் நேரத்தில் அது பயங்கரமாக ஒளிர்கிறதாம்.

பச்சை மரம் புகையும், நுரை கக்கும், கரியும். பழுக்கக் காய்ந்து ஒளிர்வது இரும்பு. கண் பொசுங்கும் சத்தத்துக்கு உவமையும் கொல்லன் பட்டறையிலிருந்துதான் வருகிறது: காய்ந்த கோடாலியைக் குளிர்ந்த நீரில் முக்கும்போது எழும் சீறல்.

பிப்ரவரி 8

இந்தக் கதையின் நாட்டார் வடிவங்கள் பலவற்றில் ஆயுதம் இறைச்சி சுடும் இரும்புக் கம்பி. சிந்துபாத்தின் மூன்றாம் பயணத்தில் இரண்டு கம்பிகள். துருக்கியரின் தெதே கொர்குத் கதையில் பாசாத், அரக்கன் தெபெகோஸின் கண்ணைச் சுடுவதும் கம்பியால்தான். அது இயல்பாகப் பொருந்துகிறது. தோழனைச் சுட்ட கம்பி அடுப்பருகிலேயே கிடக்கும்.

ஹோமரின் அரக்கன் மலைச் சிங்கம் மாதிரி பச்சையாகத் தின்கிறான், குடல், எலும்பு, மஜ்ஜை எதையும் விடாமல். சுடாதவன் குகையில் கம்பிக்கு என்ன வேலை? கம்பி போய்க் கழி வந்தது. பழைய கதையின் சூடு வரிகளில் தங்கிவிட்டது. ஹோமர் ஆய்வாளர் டெனிஸ் பேஜ் 1955-இல் வாதிட்டது இதைத்தான். எனக்கு முக்கால்வாசி சம்மதம்.

பிப்ரவரி 9

மீதிக் கால்வாசி: ஏன் ஒலிவம்? தீவுத் தேவதை காலிப்சோ ஒடிசியஸுக்குக் கொடுத்த கோடாலியின் காம்பு ஒலிவம். கரையொதுங்கி அவன் சருகுக்குள் படுத்த புதர் ஒலிவம். அவன் ஊரான இதாக்காவின் துறைத் தலைமாட்டில் ஒலிவம். அவன் கட்டில் காலும் வேரோடு நிற்கும் ஒலிவம். அவனைக் காக்கும் தெய்வம் அதீனாவின் மரம். குகைக்குள் அதீனா வரவில்லை, திட்டம் போடும்போது அவள் பெயரைத்தான் நினைக்கிறான். ஹோமர் தெரிந்தேதான் மாற்றியிருக்கிறார் என்று படுகிறது.

பிப்ரவரி 10

அரக்கனை மயக்கிய மது, மாரோன் என்ற பூசாரி கொடுத்தது: 1 பங்குக்கு 20 பங்கு நீர் கலக்க வேண்டியது. அரக்கன் நீரே கலக்காமல் மூன்று முறை வாங்கிக் குடித்தான்.

பிப்ரவரி 12

நாட்டார் கதை வகை அட்டவணையில் இந்தக் கதைக்கு எண் 1137. ஒஸ்கர் ஹாக்மன் 1904-இல் 221 வடிவங்களைத் திரட்டினார். ஒவ்வொரு வடிவத்துக்கும் குறிப்பட்டை போடும்போது முதலில் பார்க்க வேண்டியது ஹோமரில் இல்லாததை: கம்பி, உரித்த ஆட்டுத்தோலைப் போர்த்தித் தப்புவது, மோதிரம். இவை எதுவுமில்லாத அட்டையைச் சந்தேகிக்க வேண்டும்; சொன்னவர் பள்ளிப் பாடத்தில் ஹோமரைப் படித்திருக்கலாம். ஒடிசியஸ் செய்வது போல 'யாருமில்லை' என்று பெயர் சொல்லி ஏமாற்றுவது நாட்டார் மரபில் பெரும்பாலும் வேறு கதை, எண் 1135. அங்கே பெயர் 'நானே'. இரண்டையும் ஒரே கட்டில் போட்டால் எல்லாம் குழம்பிவிடும்.

பிப்ரவரி 13

ஒற்றைக் கண் என்று ஹோமர் வெளிப்படையாகச் சொல்லவே இல்லை. பொசுங்குவது புருவங்கள், பன்மையில். நெற்றியில் ஒரே கண் என்றவர் இன்னொரு பழங்கவி, ஹெஸியோட்.

பிப்ரவரி 15

எலியூசிஸ் தாழி, இந்தக் காட்சி தீட்டிய கிரேக்கத் தாழி. 1.42 மீட்டர், கி.மு. 650 வாக்கில். உள்ளே ஒரு சிறுவனைப் புதைத்திருந்தார்கள். கழுத்துப் பகுதியில் மூன்று பேர் தலைக்கு மேல் கழியை ஏந்திக் குத்துகிறார்கள். முன்னால் நிற்பவன் மட்டும் வெள்ளை. அரக்கன் கையில் இன்னும் கிண்ணம். கழி மெலிந்த நேர்க்கோடு. மரமா, இரும்பா? எவ்வளவு நேரம் பார்த்தாலும் கோடுதான்.

பிப்ரவரி 18

அழைப்பு இல்லை. மோதிரம்.

நாட்டார் வடிவங்களில் குருடான அரக்கன் மோதிரம் ஒன்றை எறிகிறான். விரலில் போட்டால் கழற்ற வராது, 'இங்கே, இங்கே' என்று கத்தும். விரலை வெட்டினால்தான் உயிர். ஹோமரில் மோதிரம் கிடையாது. ஆனால் கடலுக்குத் தப்பிய ஒடிசியஸ் தானே கத்துகிறான். பாறை வந்து விழுந்து கப்பலைக் கரைக்கே தள்ளுகிறது. தோழர்கள் கெஞ்சியும் கேட்காமல் மறுபடி கத்துகிறான்: தன் பெயர், அப்பா பெயர், ஊர். அந்தப் பெயரைச் சொல்லித்தான் அரக்கன் தன் அப்பா, கடல் தெய்வம் பொசைடனிடம் சாபம் கேட்கிறான்.

மோதிர அட்டைகளை நாளைக்குத் தனியாகப் பிரிக்க வேண்டும்.