சி என்று நான் பிடித்தது

சார் இறந்த செய்தி வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது பெர்த்தில் காலை ஏழரை. சுங்கை சிப்புட்டிலும் ஏழரைதான். 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதிலிருந்து இரண்டு ஊருக்கும் ஒரே நேரம். (ரப்பர் தோட்டத்துக் காலைப் பெயர்ப்பதிவான பெரட்டுக்கு இன்னும் அதிக இருட்டில் எழ வேண்டுமே என்று லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், எழுந்த முணுமுணுப்பு நம்மில் சிலருக்காவது நினைவிருக்கும்.) கோலாலம்பூருக்கு விமானத்தில் ஐந்தரை மணி நேரம். அன்றே கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. சாரின் நினைவு மலருக்குக் கட்டுரை கேட்ட செயலாளரிடம் மட்டும் உடனே சரி என்றுவிட்டேன்.

மற்றவர்கள் சாரின் அல்ஜீப்ராவைப் பற்றி எழுதுவார்கள். எனக்குக் கணக்கு வராது என்பது ஊரறிந்தது. நான் எழுத வேண்டியது 1983 மே 16, ஆசிரியர் தினத்தன்று நடந்த திங்கட்கிழமைச் சபைகூடலைப் பற்றி. அன்று மண்டபத்தில் இருந்தவர்கள் இந்நேரம் சிரிக்கத் தொடங்கியிருப்பீர்கள்.

கித்தார் மாமாவுடையது. பாட்டுப் புத்தகமும் அவருடையதுதான். முன்பக்கங்கள் கிழிந்து போயிருந்தன. கார்ட் படங்களை, அதாவது சேர்ந்து ஒலிக்க எந்தக் கம்பிகளை எங்கே அழுத்துவது என்று காட்டும் படங்களை, எப்படிப் பார்ப்பது என்ற விளக்கம் அந்தப் பக்கங்களோடு போய்விட்டது. எஞ்சியவை கட்டங்களும் புள்ளிகளும் மட்டுமே. மேலே சில கோடுகளுக்குப் பெருக்கல் குறி, சிலவற்றுக்கு வட்டம். எனக்குப் பெருக்கல் குறியென்றால் தப்பான விடை, வட்டமென்றால் சைபர். இரண்டையும் என் கணக்கு நோட்டில் போதுமான அளவு பார்த்திருந்ததால் அவற்றை ஆராயாமலே விட்டுவிட்டேன்.

கித்தாரை மடியில் வைத்தால் அதன் தலை இடப்பக்கம் இருக்கிறது. ஆகவே புத்தகத்தையும் தலை இடப்பக்கம் வரும்படி திருப்பிக்கொண்டேன். அப்படித் திருப்பினால் படத்தின் இடது ஓரக் கோடு அடியில் போய்விடும். அடியில் இருப்பது தரையைப் பார்த்த மெல்லிய கம்பிதானே என்று முடிவு செய்தேன். உண்மையில் அது தடித்த ஆறாம் கம்பி. ஒரு மாதம் எல்லாக் கார்ட்களையும் கண்ணாடியில் பார்த்தது போலப் பிடித்துப் பழகினேன். இ மைனரை இடம் வலம் மாற்றிப் பிடித்தால் ஏ மேஜரின் சாயலில் ஏதோ ஒன்று வரும், காதை அவ்வளவாகக் கடிக்காது. அதை நம்பி மற்றவற்றையும் நம்பினேன். சி மட்டும் தகரத்தை இழுத்தது போலக் கேட்டது. என் காதில்தான் கோளாறு என்று நினைத்தேன்.

ஒத்திகை கித்தார் இல்லாமலே நடந்தது. நம் பஸ்ஸில் அதைத் தினமும் ஏற்ற நடத்துநர் விடவில்லை. அன்று காலை நால்வர் பாட, நான் சி பிடித்துத் தட்டினேன். அவர்கள் சுருதியைத் தேடி ஆளுக்கொரு திசையில் போனார்கள். முன்வரிசையிலிருந்து சார் மேடையேறி வந்தார்.

"விரலை எடுக்காதே" என்றார். கித்தாரின் கழுத்தைப் பிடித்து அப்படியே நிமிர்த்தி, எதிரே குனிந்து என் மூன்று விரல்களையும் பார்த்தார். அவை இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரிந்திருந்தன. "இது சி இல்லையப்பா, பால்மர வெட்டு!" மைக் திறந்தே இருந்தது.

டவுன் பிள்ளைகள் சிரித்ததில் வியப்பில்லை. நம் தோட்டத்துப் பிள்ளைகளும் சிரித்தார்கள், அதுதான். படிவம் ஐந்து முடியும் வரை எனக்குப் பெயர் பால்மரம். சாரின் மறைவைச் சொன்ன வாட்ஸ்அப் செய்தியும் "பால்மரம், பார்த்தாயா?" என்றுதான் வந்தது. அன்று மாலை அப்பா பாட்டு எப்படிப் போனது என்று கேட்டார். நன்றாகப் போனது என்றேன்.

மறுநாள் மணியடித்ததும் சார் என்னை அறிவியல் கூடத்துக்கு அழைத்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன், கேட்கவில்லை. நாற்காலியில் கித்தாரை நிமிர்த்திச் சாய்த்து, பக்கத்திலேயே புத்தகத்தைத் திறந்து வைத்தார். "உன் அப்பா மரத்துக்கு எதிரில் நின்றுதானே வெட்டுகிறார்? படமும் அப்படித்தான். கித்தார் உன்னைப் பார்த்து நிற்கிறது." அவ்வளவுதான். இடது ஓரக் கோடு தடித்த கம்பி, வலது ஓரம் மெல்லியது, குறுக்குக் கோடுகள் ஃப்ரெட்கள், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள் என்று படம் ஒரே நொடியில் எழுந்து நின்றது. சி-யின் புள்ளிகள் இடப்பக்கம் கீழிருந்து வலப்பக்கம் மேலே ஏறின. மரப்பட்டைக்குள் பால் குழாய்களும் சற்றே அப்படிச் சாய்ந்துதான் ஏறுகின்றன, அதனால்தான் வெட்டு எதிர்ச்சாய்வில் இறங்குகிறது என்று அப்பா சொல்லியிருக்கிறார். சாரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பெருக்கல் குறி போட்ட கம்பி வாயைத் திறக்கக் கூடாது. வட்டம் போட்டதை நீ தொடாதே, அது தானாகப் பேசும்." புள்ளிக்குள் இருக்கும் 1 கட்டைவிரல் அல்ல, சுட்டுவிரல். உச்சியில் தடித்த கோடு இல்லாமல் பக்கத்தில் 5 என்றிருந்தால் ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு இறங்கிப் போக வேண்டும். இப்படியே பல மாலைகள். எஃப் வந்தபோது நின்றது. முதல் ஃப்ரெட்டின் மேல் ஆறு கம்பிக்கும் சேர்த்து ஒரு வளைந்த கோடு இருக்கும். அதை நான் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். சுட்டுவிரலைக் குறுக்கே படுக்கவைத்து ஆறையும் அழுத்த வேண்டுமாம். எனக்கு ஐந்துதான் ஒலித்தது. முதல் கம்பி ஊமை. "வரும்" என்றார் சார். தேர்வு வந்தது, பிறகு பெர்த் வந்தது.

2016-ல் ஊருக்குப் போனேன். லயம் இருந்த இடமெல்லாம் செம்பனை. சார் வாசலில் உட்கார்ந்திருந்தார். என் பெயரை மறந்திருந்தார்.

"எஃப் வந்துவிட்டதா?" என்றார்.

"வந்துவிட்டது, சார்."

கைத்தடியை எடுத்து, எனக்கு எதிராக நிமிர்த்திப் பிடித்தார். "காட்டு."

சுட்டுவிரலைக் குறுக்கே வைத்து, மற்ற மூன்றையும் அதனதன் இடத்தில் ஊன்றி அழுத்தினேன். சார் காதைத் தடியருகே கொண்டுவந்தார்.

"முதல் கம்பி இன்னும் பேசவில்லையே" என்றார்.